தம்பிப் பாப்பா வந்தாச்சு… அக்கா ஏன் அழறா?

வாசகர் கேள்வி – பதில்

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குப் புதுக்குழந்தை வருவது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். கைக்குழந்தையைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று பார்த்தால், பாதிக்கு மேல் மூத்த பிள்ளையைப் பற்றிய புகார்! பிறந்த குழந்தையின் தேவைகள் குறைவு: பால், கதகதப்பு, தூக்கம், சுத்தமான கை. மூத்ததுக்குத்தான் நேற்றுவரை இருந்த வீடு இன்றைக்கு இல்லை. அதனால் பல பதில்களில் "பிள்ளையைத் திருத்துங்கள்" என்பதற்குப் பதிலாக "பாயை அந்தப் பக்கம் போடுங்கள், புட்டியை மேல் தட்டில் வையுங்கள்" என்றே எழுதியிருக்கிறோம்.

கேள்வி: என் மகனுக்கு மூணேகால் வயசு. மகள் பிறந்து 24 நாள் ஆகுது. நான் பால் கொடுக்க உட்கார்ந்தா போதும், ஓடி வந்து பாப்பா காலைக் கிள்ளுறான். ஒரு வருஷமா படுக்கையில ஒண்ணுக்குப் போகாதவன் இப்போ தினமும் நனைக்கிறான். பால் புட்டி வேணும்னு கேட்கிறான். அடிச்சும் பார்த்துட்டோம், கேட்கல.
– வாசகி, கரூர்

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒரு தடவைக்கு 30 நிமிடம் என்று வைத்தால் நாலிலிருந்து ஆறு மணி நேரம் உங்கள் மடி அவனுக்கு இல்லை. போன மாதம் வரை அது அவன் மடி. கிள்ளினால் அம்மா அந்த நொடியே திரும்பிப் பார்க்கிறாள் என்பதை அவன் கண்டுபிடித்துவிட்டான், அவ்வளவுதான். நீங்கள் திட்டினாலும் அடித்தாலும் அவன் கணக்கில் அதுவும் ஒரு கவனிப்பு. அதனால்தான் அடி வேலை செய்யவில்லை.

பால் கொடுக்கும் இடத்தை முதலில் மாற்றுங்கள். நாற்காலியிலோ கட்டில் ஓரத்திலோ உட்கார்ந்தால் அவன் வந்து நிற்க மிச்சமிருக்கும் இடம் பாப்பாவின் கால்மாடுதான். தரையில் பாய் விரித்து, சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். இடது பக்கம் ஒரு தலையணை. பாப்பாவை அதன்மேல் வைத்து, உடல் உங்கள் இடது கக்கத்துக்கு அடியிலும் கால்கள் உங்கள் முதுகுப் பக்கமாகவும் போகும்படி பிடித்துப் பால் கொடுங்கள். இடது உள்ளங்கை பாப்பாவின் கழுத்தையும் தோளையும் தாங்க வேண்டும். இப்போது கிள்ளுவதற்குக் கால் அவன் கைக்கு எட்டாது. உங்கள் வலது கையும் மடியின் வலது பாதியும் அவனுக்குக் காலியாக இருக்கும். அடுத்த மார்புக்கு மாறும்போது எல்லாம் இடம் மாறும், அவனும் மாறி உட்காரட்டும். சிசேரியன் ஆனவர்களுக்கும் இந்தப் பிடி நல்லது, தையல் மேல் பாரம் விழாது.

உட்காரும் முன் அவனை ஒண்ணுக்குப் போக வையுங்கள், தண்ணீர் கொடுங்கள், ஒரு கிண்ணத்தில் பொட்டுக்கடலை மாவு உருண்டையோ வாழைப்பழத் துண்டோ வையுங்கள். பாதிப் பாலில் வரும் "அம்மா தண்ணி", "அம்மா பசிக்குது" எல்லாம் இதில் அடங்கிவிடும். பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் நாலைந்து சாமான்கள் போட்டு, பால் நேரத்தில் மட்டும் திறக்கும் டப்பாவாக வையுங்கள். ஒரு சின்ன டார்ச், ஸ்டிக்கர் தாள், படப் புத்தகம், துணி உலர்த்தும் கிளிப்புகள் என்று எதுவும் ஆகும். பால் முடிந்ததும் டப்பா மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் நாளே மவுசு போய்விடும். வாரம் இரண்டு முறை உள்ளே இருப்பதை மாற்றுங்கள். போனைக் கொடுத்தால் அன்றைய கிள்ளல் நிற்கும். ஒரு வாரத்தில் போனே தனிக் கேள்வியாக எங்களுக்கு வரும்.

அப்படியும் கிள்ள வந்தால், அவன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். "பாப்பாவுக்கு வலிக்கும். கிள்ள விடமாட்டேன்." இரண்டே வாக்கியம், குரலை உயர்த்தாமல். பிறகு டப்பாவைக் காட்டுங்கள். "தங்கச்சி பாவம்ல, நீ பெரியவன்ல" என்று நீட்டி முழக்க வேண்டாம். மூணு வயதில் "பெரியவன்" என்ற பட்டம் அவன் கேட்டு வாங்கியதல்ல. எது எப்படியானாலும் இருவரையும் ஒரு அறையில் தனியாக விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகாதீர்கள். அரை நிமிடம் கூட வேண்டாம். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போங்கள், அல்லது அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

படுக்கை நனைவதும் புட்டி கேட்பதும் ஒரே விஷயத்தின் இரு முகம். பாப்பா மாதிரி இருந்தால் பாப்பாவுக்குக் கிடைப்பது கிடைக்குமா என்று பார்க்கிறான். புட்டி கேட்டால் ஒரு டம்ளர் பாலை மடியில் உட்கார வைத்து நீங்களே குடிக்க வையுங்கள். கேட்டது பெரும்பாலும் மடிதான். படுக்கைக்கு அடியில் ரப்பர் ஷீட் போடுங்கள், தூங்கும் முன் ஒரு முறை ஒண்ணுக்குப் போக வையுங்கள், நனைத்தால் ஒரு வார்த்தையும் பேசாமல் மாற்றுங்கள். சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் தானே நிற்கும். ஒண்ணுக்குப் போகும்போது எரிச்சல், அடிக்கடி கடும் தாகம், பகலிலும் நனைதல், நாள்பட்ட மலச்சிக்கல் இருந்தால் மட்டும் பாப்பா காரணமில்லை என்று எடுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

தினமும் 15 நிமிடம், ஒரே நேரத்தில், பாப்பா வேறொருவர் கையில் இருக்கும்போது நீங்கள் அவனோடு மட்டும் இருக்க வேண்டும். விளையாட்டை அவன் தேர்ந்தெடுக்கட்டும். "நேரம் கிடைச்சா" என்று வைத்தால் கிடைக்காது. பாப்பாவைக் குளிப்பாட்டப் பாட்டி எடுத்துப்போகும் நேரம் என்று கட்டிவிடுங்கள்.

ஒன்று பாக்கி. பார்க்க வருகிறவர்கள் "இனிமே உன்னை யார் தூக்குவா?", "பாப்பாவை நான் எடுத்துட்டுப் போயிடட்டுமா?", "நீ இப்போ செல்லாக் காசு" என்று சிரிப்புக்குச் சொல்வார்கள். மூணு வயதுக்குக் கேலி புரியாது, செய்தி மட்டும் புரியும். வாசலிலேயே நிறுத்திச் சொல்வதில் தவறே இல்லை. வந்தவர் முதலில் அவனிடம் பேசட்டும், பாப்பாவைக் காட்டும் பொறுப்பை அவனுக்குக் கொடுங்கள்.

கேள்வி: சிசேரியன் ஆகி 12 நாள். ரெண்டு வயசு மூத்தவள் "தூக்கு, தூக்கு"ன்னு காலைக் கட்டிக்கிட்டு அழறா. தூக்கலாமா?
– வாசகி, காரைக்குடி

வேண்டாம். முதல் 6 வாரத்துக்குப் பாப்பாவைவிடக் கனமான எதையும் நின்றபடி தூக்கக் கூடாது. ரெண்டு வயதுப் பிள்ளை 11, 12 கிலோ இருக்கும். வெளித்தோல் ஆறிவிட்டாலும் அதற்குக் கீழே வயிற்றுச் சுவர் அடுக்கடுக்காகத் தைக்கப்பட்டிருக்கிறது, அது ஆற நாளாகும்.

தூக்கக் கூடாது என்றால் மடியில் வைக்கக் கூடாது என்று அர்த்தமில்லை. கட்டிலில் உட்கார்ந்து பக்கத்தில் ஒரு சின்ன முக்காலி போடுங்கள், அவளே ஏறி வரட்டும். வயிற்றுக்குக் குறுக்கே ஒரு தலையணை வைத்துக்கொண்டால் அவள் கால் உதைத்தாலும் தையலில் படாது. "அம்மாவுக்கு வயித்துல புண்ணு, பாப்பாவால" என்று சொல்லாதீர்கள். "அம்மாவுக்கு வயித்துல புண்ணு, ஆறிட்டு இருக்கு" என்பதோடு நிறுத்துங்கள். தையலில் சிவப்பு, வீக்கம், நீர் அல்லது சீழ் கசிவு, காய்ச்சல் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

கேள்வி: ரெண்டாவது பிறந்ததும், பால் மறந்திருந்த மூத்தது திரும்பவும் கேட்குது. கொடுத்தா சின்னதுக்குப் பத்தாதுன்னு மாமியார் சொல்றாங்க.
– வாசகி, திருவண்ணாமலை

குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும் என்பதால் பற்றாக்குறை வராது. ஆனால் வரிசை முக்கியம். முதல் சில நாள் வரும் சீம்பால் அளவில் குறைவு, அது கைக்குழந்தைக்கு. பிறகும் சின்னது குடித்து முடித்த பின்தான் பெரியது. உங்களுக்கு விருப்பமில்லையென்றால் "பாப்பாவுக்குப் பல் இல்லை, அதனால பால். உனக்குப் பல் இருக்கு, உனக்கு முறுக்கு" என்று சொல்லி நகர்த்துவதும் சரிதான். பல பிள்ளைகள் ஒரு வாய் வைத்துவிட்டு, குடிக்கும் வித்தை மறந்துபோய், சிரித்துக்கொண்டே எழுந்துபோய்விடும்.

சின்னதுக்குப் போதுகிறதா என்பதை அழுகையை வைத்துப் பார்க்காதீர்கள். பிறந்த எடையில் 7 முதல் 10 சதவீதம் வரை முதல் சில நாளில் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் திரும்பப் பிடித்துவிட வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் குறைந்தது 6 முறை நன்றாகச் சிறுநீர் போனால் பால் போதுகிறது.

கேள்வி: தூளிதான் கட்டியிருக்கோம். நாலு வயசு அக்கா ஆசையா ஆட்டுவா, ஆனா வேகமா ஆட்டிடறா. சில சமயம் தானும் ஏறப் பார்க்கிறா. தூளி ஆபத்தா?
– வாசகர், விருதுநகர்

கட்டும் விதத்திலும் பயன்படுத்தும் விதத்திலும் இருக்கிறது. தூளியில் மூன்று இடத்தில் தவறு நடக்கும்.

கொக்கி முதலாவது. மேல்தளக் கான்கிரீட்டில் வார்த்த இரும்புக் கொக்கி அல்லது உத்திரம் மட்டுமே. மின்விசிறி தொங்கும் கொக்கியிலேயே தூளியையும் மாட்டுவது, ஃபால்ஸ் சீலிங்கில் திருகிய கொக்கி, கதவு நிலையில் மாட்டும் கம்பி, இவை மூன்றும் கூடாது. பாப்பாவைப் போடும் முன் 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தூளியில் வைத்து ஆட்டிப் பாருங்கள். அக்கா ஒரு நாள் ஏறத்தான் போகிறாள், அந்தக் கனத்துக்குக் கொக்கி தாங்க வேண்டும். கயிறு கொக்கியில் உரசித் தேயும் இடத்தை வாரம் ஒரு முறை கையால் தடவிப் பாருங்கள்.

அடுத்தது துணியும் உயரமும். பழைய பருத்திச் சேலைதான் சரி. நைலான், சிந்தெடிக் முடிச்சு வழுக்கும், துணி இழுபட்டு இறங்கும், காற்றும் போகாது. பாப்பாவைப் போட்ட பிறகு தூளியின் அடி தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் இருக்கக் கூடாது, கீழே ஒரு மெத்தை. மேலே துணியை விரித்துப் பிடிக்கும் கட்டை கண்டிப்பாக வேண்டும். கட்டை இல்லாவிட்டால் இரு பக்கத் துணியும் முகத்தின் மேல் வந்து மூடும்.

மூன்றாவது பலருக்குத் தெரியாதது, எங்கள் கணக்கில் மிக முக்கியமானதும் அதுவே. தூளியில் பாப்பா வளைந்து படுப்பதால் தாடை நெஞ்சில் அழுந்தும். பிறந்த குழந்தையின் மூச்சுக்குழல் மெல்லியது. தாடை அழுந்தினால் அழாமலே மூச்சு குறையும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே உங்கள் இரண்டு விரல் நுழைய வேண்டும், முகம் வெளியிலிருந்து தெரிய வேண்டும். தூளியைத் தூங்க வைக்க மட்டும் பயன்படுத்துங்கள். தூங்கியதும் எடுத்துத் தட்டையான, கெட்டியான படுக்கையில், மல்லாக்க, தலையணை இல்லாமல் போடுங்கள். குறைமாதக் குழந்தைக்குத் தூளியே வேண்டாம். குப்புற விழ ஆரம்பித்ததும், பெரும்பாலும் 4, 5 மாதத்தில், தூளியை அவிழ்த்துவிடுங்கள்.

அக்காவுக்குத் தடை போட்டால் நீங்கள் குளிக்கப்போகும் நேரத்தில் ஆட்டுவாள். அதனால் முறையை மாற்றுங்கள். தூளிக்கு எதிர்ப்பக்கம் ஒரு பெரியவர் கை வைத்திருக்கும்போது மட்டும், ஒரு விரலால், பாட்டுப் பாடிக்கொண்டு ஆட்டலாம். பாட்டு முடிந்தால் ஆட்டமும் முடிந்தது. பாப்பா இல்லாத நேரத்தில் தூளியைச் சுருட்டிக் கொக்கிக்கு மேலே செருகிவிடுங்கள். தொங்கும் தூளியும் கயிறும் நாலு வயதுக்கு ஊஞ்சல். கழுத்தில் சுற்றிக்கொள்ளும் விபத்து அப்போதுதான் நடக்கிறது.

கேள்வி: பேரன் "பாப்பாவுக்குப் பசிக்குது"ன்னு கடலை மிட்டாய்த் துண்டை ஒரு மாசக் குழந்தை வாயில வெச்சுட்டான். நல்ல வேளை நான் பார்த்தேன். இனி எப்படிச் சமாளிக்க?
– ஒரு பாட்டி, கோவில்பட்டி

பாசத்தால் வரும் ஆபத்து என்றால் இதுதான் முதலிடம். கடலை, பொரி, காசு, பொத்தான், பொம்மைக்குள் இருக்கும் வட்ட பேட்டரி, எல்லாம் பாப்பா வாய்க்குப் போகும். பேரனுக்குத் தினமும் ஒரே வாக்கியம் சொல்லிக் கொடுங்கள்: "பாப்பா வாய்க்குள்ள அம்மா பால் மட்டும்." நீங்கள் பாதி சொல்ல, அவன் மீதியைச் சொல்லட்டும். இரண்டாவதாக, அவன் தின்பண்டம் தின்பது சமையலறையில் உட்கார்ந்து மட்டும்; பாப்பா படுக்கும் அறைக்குத் தட்டு வரவே கூடாது. மூன்றாவதாக, ஊட்டும் ஆசைக்கு வேறு வேலை கொடுங்கள். நனைந்த துணியை வாளியில் போடுவது, இன்று பச்சைச் சட்டையா மஞ்சளா என்று முடிவு செய்வது, பால் குடித்ததும் துண்டு கொண்டு வருவது எல்லாம் அவனால் முடியும்.

அடைத்துக்கொண்டு பாப்பாவால் அழவோ இருமவோ முடியாமல் போனால்: முன்கையில் குப்புறப் போட்டு, தலை உடலைவிடத் தாழ்ந்திருக்க, தாடையைக் கையால் தாங்கி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 தட்டு. வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி, இரு முலைக்காம்புகளுக்கு நடுவே சற்றுக் கீழே, நெஞ்செலும்பில் இரண்டு விரலால் 5 அழுத்து. பொருள் வெளியே வரும்வரை மாறி மாறிச் செய்யுங்கள். கூட இருப்பவர் உடனே 108-ஐ அழைக்கட்டும். பாப்பா துவண்டு மூச்சு நின்றுபோனால் 108-இல் பேசுபவர் சொல்லச் சொல்லச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரல் விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போகும். தலைகீழாகக் காலைப் பிடித்துத் தொங்கவிடுவதும் வேண்டாம்.

கேள்வி: மூத்தவன் எல்.கே.ஜி. வாரம் ஒரு சளியோட வர்றான். பாப்பாவுக்கு 40 நாள். ரெண்டு பேரையும் பிரிச்சு வைக்கணுமா?
– வாசகி, தாம்பரம்

பிரித்து வைக்க முடியாது, வாசலில் வடிகட்டலாம். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் நேராகக் குழாயடி. சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவல், முகம் கழுவல், சீருடை மாற்றல், பிறகு பாப்பா. முத்தம் காலில் மட்டும். கன்னம், கை வேண்டாம், ஏனென்றால் பாப்பா கையைத்தான் வாயில் வைக்கும். உங்களுக்கே சளி என்றால் முகக்கவசம் போட்டுக்கொண்டு பால் கொடுங்கள். நிறுத்தாதீர்கள், அந்தச் சளிக்கு எதிரான எதிர்ப்புச் சக்தி உங்கள் பால் வழியாகத்தான் போகிறது.

பாப்பாவுக்கு மூக்கடைத்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புக்கரைசல் சொட்டு, பால் கொடுக்கும் முன் ஒவ்வொரு துவாரத்திலும் ஒன்று. எண்ணெய் விடாதீர்கள், அது நுரையீரலுக்கு இறங்கும். கற்பூரம் கலந்த தைலமும் கூடாது.

3 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி (38 செல்சியஸ்) அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்ப்பது என்ற பேச்சே இல்லை, ராத்திரி ரெண்டு மணியானாலும் ஆஸ்பத்திரி. பால் குடிக்க மறுத்தாலும், மூச்சு விடும்போது விலாப் பக்கம் குழி விழுந்தாலும், உடம்பு சில்லிட்டாலும் அப்படியே.

இரண்டு பிள்ளை வீட்டில் நடக்கும் இன்னொரு தவறு, பாராசிட்டமால் புட்டி மாறிப்போவது. சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லியில் 120 அல்லது 125 அல்லது 250 மில்லிகிராம். பெயர் ஒன்றுதான், மருந்தின் அடர்த்தி வேறு. 12 கிலோ மூத்தவனுக்கு ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் 180 மில்லிகிராம். 250 சிரப்பில் அது 3.6 மில்லி. 120 சிரப்பில் 7.5 மில்லி. சொட்டில் 1.8 மில்லி. "எப்பவும் அஞ்சு மில்லி தானே" என்று அவசரத்தில் சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம், கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இப்படித் திரும்பத் திரும்பப் போனால் கல்லீரலுக்கு ஆபத்து. புட்டிகள் வேறு வேறு தட்டில், மேல்பக்கம் பிள்ளையின் பெயர் எழுதி ஒட்டி, அதனதன் அளவுக் குழலை ரப்பர் பேண்டு போட்டுச் சேர்த்து இருக்கட்டும். டீஸ்பூன் வேண்டாம். கொடுத்த நேரத்தைக் காலண்டரில் எழுதுங்கள். அப்பா ஒரு முறை, பாட்டி ஒரு முறை என்று இரட்டிப்பாவது அப்படித்தான் நிற்கும்.

தடுப்பூசிக் கணக்கில் பாப்பாவின் 6, 10, 14 வாரத்தை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். தவறவிடுவது மூத்ததுக்கு உரியது: 16 முதல் 24 மாதத்துக்குள் தட்டம்மை–ரூபெல்லா இரண்டாம் தவணையும் முத்தடுப்பு (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ்) ஊக்க ஊசியும், 5, 6 வயதில் இன்னொரு முத்தடுப்பு ஊக்க ஊசியும். கக்குவான் இருமல் கைக்குழந்தைக்கு வருவது பெரும்பாலும் வீட்டிலிருக்கும் ஒருவரிடமிருந்துதான், அந்த ஒருவர் பல சமயம் அண்ணன். அரசு சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். இருவர் அட்டையையும் ஒரே உறையில் எடுத்துப் போங்கள்.

கேள்வி: சேனை, உரை மருந்து, மூக்கு ஊதறது, சாம்பிராணி… அம்மா எல்லாம் செய்யணும்கிறாங்க. சண்டை வராம எப்படித் தடுக்க?
– வாசகி, மன்னார்குடி

சேனையாக நாக்கில் வைக்கும் தேன், சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து, கிரைப் வாட்டர், வெறும் தண்ணீர் எதுவும் 6 மாதம் வரை கூடாது. தேன் ஒரு வயது வரை கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு நுண்கிருமி கைக்குழந்தையின் தசைகளைச் செயலிழக்க வைக்கும். மூக்கில் வாய் வைத்து ஊதுவதும் எண்ணெய் விடுவதும் கூடாது. கண்ணுக்குள் மை வேண்டாம். பொட்டு பாதத்தில் இருக்கட்டும். சாம்பிராணிப் புகை நுரையீரலுக்கு ஆகாது, தணல் சட்டியோ ஓடிவரும் மூத்தது காலில் தட்டும். தலையைத் துண்டால் ஒற்றினாலே காய்ந்துவிடும்.

சண்டை வராமலிருக்க, தடுப்பதோடு கொடுக்கவும் வேண்டும். காலை நீட்டி, அதில் பாப்பாவைப் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் கலை இந்த வீட்டில் உங்கள் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். மென்மையாகத் தேய்க்கட்டும், காதிலும் மூக்கிலும் எண்ணெய் போகாமல். "இது டாக்டர் சொன்னது" என்று தடுப்பூசிக்குப் போகும்போது நர்ஸ் வாயாலேயே ஒரு முறை சொல்ல வைத்துவிடுங்கள். வைட்டமின் டி சொட்டு, ஒரு நாளைக்கு 400 யூனிட், டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் அதைக் கொடுக்கும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படையுங்கள். தினமும் ஒரு மருந்து கொடுத்த திருப்தி அவருக்கு!

கேள்வி: ஷிப்ட் வேலை. ராத்திரி பால் கொடுக்கறது மனைவிதான். நான் என்ன செய்ய முடியும்?
– ஓர் அப்பா, ஓசூர்

பால் கொடுப்பதைத் தவிர எல்லாம். அழும் பாப்பாவை எடுத்து மனைவி கையில் கொடுப்பது, குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றிப் படுக்க வைப்பது. இந்த மூன்றையும் நீங்கள் செய்தால் அவருடைய ஒவ்வொரு விழிப்பிலும் பாதி நேரம் மிச்சம். இரவு 9-லிருந்து 1 வரை அவருக்குத் தொடர் தூக்கம் கிடைக்க வேண்டுமென்றால், ஒரு மாதத்துக்குப் பிறகு பீய்ச்சி வைத்த பாலை நீங்கள் பாலாடைச் சங்கில் ஊட்டலாம். வெளியில் 4 மணி நேரம், நம் கோடையில் அதைவிடக் குறைவு. குளிர்சாதனப் பெட்டியின் உள்ளடுக்கில் 4 நாள். கதவு அடுக்கில் வைக்காதீர்கள். அடுப்பில் நேராகச் சூடாக்காமல் வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து எடுங்கள்.

படுக்கும் வரிசை: சுவரோரம் மூத்தது, அடுத்து நீங்கள், அடுத்து மனைவி, அவருக்குப் பக்கத்தில் தனிச் சின்னப் படுக்கையில் பாப்பா. மூத்தது பாப்பாவுக்குப் பக்கத்தில் படுக்கக் கூடாது, தூக்கத்தில் கை கால் எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. மது குடித்திருந்தால் நீங்கள் அடுத்த அறை. மூத்ததைத் தனிப் படுக்கைக்கு மாற்றுவது, பள்ளியில் சேர்ப்பது, கழிப்பறை பழக்குவது போன்றவற்றைப் பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்போ மூன்று மாதம் பின்போ வையுங்கள். அந்த வாரத்திலேயே செய்தால் தன்னை வெளியேற்றியது பாப்பாதான் என்று எழுதிக்கொள்ளும்.

மனைவி முதல் பத்துப் பதினான்கு நாள் காரணமில்லாமல் அழுவது சாதாரணம். இரண்டு வாரத்தைத் தாண்டியும் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, பாப்பாவைத் தொடவே பயம் இருந்தால் அது நோய், மருந்து உண்டு. 14416 என்ற இலவச மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்று சொன்னால் தனியாக விடாமல் அன்றே ஆஸ்பத்திரி.

கேள்வி: ரெண்டுக்கும் 13 மாசம்தான் இடைவெளி. பால் கொடுக்கற வரைக்கும் கர்ப்பம் ஆகாதுன்னு நம்பி ஏமாந்தேன். இப்போ?
– வாசகி, தர்மபுரி

அந்தப் பேச்சு முழுப் பொய்யல்ல, மூன்று நிபந்தனை உள்ள உண்மை. குழந்தைக்கு 6 மாதம் ஆகியிருக்கக் கூடாது, தாய்ப்பால் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது (இரவிலும் இடைவெளி விடாமல்), மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் பாதுகாப்பு போய்விட்டது. முதல் மாதவிலக்குக்கு முன்பே கருமுட்டை வெளிவரக்கூடும் என்பதால் "இன்னும் வரலையே" என்று காத்திருப்பது வீண்.

கருத்தடைக்குக் கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி 380ஏ, பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளோ 6 வாரத்துக்குப் பிறகோ போடலாம், 10 ஆண்டு வேலை செய்யும். 'அந்தரா' ஊசி 3 மாதத்துக்கு ஒரு முறை, பால் கொடுப்பவருக்கு 6 வாரத்துக்குப் பிறகு. 'சாயா' மாத்திரை முதல் 3 மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று, பாலைக் குறைக்காது. மூன்றும் அரசு மருத்துவமனையில் இலவசம். இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்தால் கணவருக்கான தழும்பில்லாக் கருத்தடை, உங்களுக்கு வயிற்றைத் திறப்பதைவிடப் பல மடங்கு எளிது. நம் ஊரில் அதை யாரும் கேட்பதில்லை, கேளுங்கள்.

கேள்வி: டூவீலர்ல நாலு பேரும் ஒண்ணாப் போய் ஊசி போட்டுட்டு வரலாமா?
– வாசகர், ஆம்பூர்

கூடாது. ஆட்டோ. 9 மாதம் முதல் 4 வயது வரையிலான பிள்ளையை இருசக்கர வாகனத்தில் ஏற்றினால் ஓட்டுபவரோடு இணைக்கும் பட்டையும் தலைக்கவசமும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது என்கிறது 2023 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கும் மத்திய விதி. மடியில் கைக்குழந்தை, டேங்க் மேல் மூத்தது என்ற காட்சிக்கு அந்த விதியில் இடமே இல்லை.

கேள்வி: ரெண்டாவது குழந்தைக்கும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துல பணம் உண்டா? பேர் இன்னும் வைக்கல, பிறப்புச் சான்றிதழ்?
– வாசகர், பெரம்பலூர்

தகுதியுள்ள தாய்க்கு முதல் இரண்டு பிரசவத்துக்கும் உண்டு. மொத்தம் 18,000 ரூபாய், ஒரு பகுதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக. இந்தக் கர்ப்பத்தையும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்திருக்க வேண்டும். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரில்லாமலும் பதியலாம், 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு. அப்பா பெயரின் எழுத்தும் இனிஷியலும் மூத்த பிள்ளையின் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும். ஒரு எழுத்து மாறினாலும் பின்னால் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் அலைச்சல்.

கேள்வி: தம்பி எப்போ என்கூட விளையாடுவான்? எப்பப் பார்த்தாலும் தூங்கறான்.
– ஆறு வயது அக்கா, நாகர்கோவில் (அம்மா எழுதித் தந்தது)

இப்போ தம்பிக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்துக்குள்ள இருக்கறது மட்டும்தான் தெளிவாத் தெரியும். நீ அறை வாசல்ல நின்னு ஆடிக் காட்டினா அவனுக்கு ஏதோ நிழல் அசையற மாதிரி இருக்கும். கிட்டப் போய், கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு, மெதுவாப் பேசு. அம்மா வயித்துக்குள்ள இருக்கும்போதே உன் குரலைக் கேட்டிருக்கான்.

ஒன்றரை, ரெண்டு மாசத்துல உன்னைப் பார்த்துச் சிரிப்பான். நாலு மாசத்துல சத்தமாச் சிரிப்பான், நீ தும்மினாக்கூடச் சிரிப்பான். ஆறேழு மாசத்துல உட்காருவான், அப்போ பந்தை உருட்டி விடலாம், திருப்பித் தரமாட்டான், வாயில வைப்பான். ஒன்பது மாசம் வாக்குல தவழ்ந்து வந்து உன் நோட்டைக் கிழிப்பான். அதுக்கு முன்னாடியே க்ரேயான் பெட்டியை மேல் அலமாரிக்கு மாத்திடு.